இலினாய் மாநிலப் பொருளாளர் தேர்தலும் மூன்றாம் கட்சி வேட்பாளரும்: 25,000 கையெழுத்தில் தொடங்கும் கதை

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. அமெரிக்காவில் மாநிலப் பொருளாளர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியையும் குடியரசுக் கட்சியையும் சேராத ஒருவர் நிற்க என்னென்ன செய்ய வேண்டும்? ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஏன் நிற்கிறார்கள்? அவர்கள் வாங்கும் ஓட்டு வேறு யாரையாவது கவிழ்க்கிறதா?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பொதுவாகச் சொன்னால் பாதி தப்பாகிவிடும். அதனால் இலினாயை எடுத்துக்கொள்கிறேன். 2014இல் அங்கே நடந்த பொருளாளர் தேர்தல் ஒன்றிலேயே மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்கிறது.

முதலில் பதவியைப் புரிந்துகொள்வோம். மாநிலப் பொருளாளர் என்பவர் நிதியமைச்சர் மாதிரி இல்லை. வரி போடுவது, பட்ஜெட் போடுவது எதுவும் அவர் கையில் கிடையாது. இலினாயின் 1970ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி அவர் வேலை இரண்டுதான்: மாநிலத்தின் பணத்தைப் பத்திரமாக வைத்து முதலீடு செய்வது, கன்ட்ரோலர் (மாநிலக் கணக்கைப் பார்த்து, பணம் கொடுக்க உத்தரவிடும் தனி அதிகாரி) உத்தரவு கொடுத்தால் பணத்தை விடுவிப்பது. எந்த பில்லை முதலில் தீர்ப்பது என்பதுகூடக் கன்ட்ரோலரின் முடிவு. 2015 ஜூலை முதல் 2017 ஜூலை வரை இலினாய் முழு பட்ஜெட் இல்லாமல் ஓடியதே, அப்போது பாக்கிக்காரர்கள் வரிசைகட்டி நின்றது கன்ட்ரோலர் வாசலில்தான், பொருளாளர் வாசலில் இல்லை.

சாவி ஒருவரிடம், பூட்டு இன்னொருவரிடம் என்று பிரித்து வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1956இல் ஆர்வில் ஹாட்ஜ் என்ற மாநிலக் கணக்கு அதிகாரி போலிக் காசோலைகள் மூலம் 60 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியது வெளியே வந்தது. அந்தக் காயத்தின் தழும்பு 1970 சட்டத்தில் தெரிகிறது. அதில் கன்ட்ரோலர் என்று ஒரு தனிப் பதவி வந்தது, தணிக்கை சட்டமன்றம் நியமிக்கும் அதிகாரியிடம் போனது. ஆனால் இரண்டு அலுவலகமும் எதற்கு, ஒன்றாக்கினால் செலவு மிச்சமாகுமே என்ற வாதம் அடிக்கடி தலைதூக்கும். டெக்சஸில் மார்த்தா வைட்ஹெட் என்பவர் பொருளாளர் பதவியையே ஒழிப்பேன் என்று சொல்லி 1994இல் ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். 1996இல் பதவி ஒழிந்தது. மின்னசோட்டா 2003இல் ஒழித்தது. மேரிலாந்தில் சட்டமன்றமே பொருளாளரைத் தேர்ந்தெடுக்கிறது, நியூ ஜெர்சியில் நியமனம். ஆக, உங்கள் மாநிலத்தில் இந்தப் பதவிக்குத் தேர்தல் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

இனி வாக்குச்சீட்டில் பெயர் வருவது. உண்மையான தேர்தல் இங்கேதான் நடக்கிறது. இலினாயில் டெபாசிட் கட்டணம் என்று எதுவும் இல்லை, கையெழுத்துதான் டெபாசிட். பெரிய கட்சிகளைச் சேர்ந்தவர் மாநில அளவிலான பதவிக்கு உட்கட்சித் தேர்தலில் நிற்க 5,000 கையெழுத்து கொடுத்தால் போதும். சட்டம் 'நிலைபெற்ற கட்சி' என்று ஏற்காத புதுக் கட்சியோ சுயேச்சையோ என்றால், முந்தைய மாநிலத் தேர்தலில் பதிவான வாக்கில் 1 சதவீதம் அல்லது 25,000, இதில் எது குறைவோ அது. மாநிலத் தேர்தலில் 35 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போடும் ஊரில் 1 சதவீதமே 35,000 ஆகிவிடும். ஆகவே நடைமுறையில் எப்போதும் 25,000தான்.

அதைச் சேர்க்கக் கிடைப்பது மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கு முந்தைய 90 நாள். 2014இல் மனுத்தாக்கல் வாரம் நவம்பர் தேர்தலுக்கு 141 நாள் முன்பு தொடங்கி 134 நாள் முன்பு முடிந்தது. ஜூன் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கையெழுத்து வேட்டை மார்ச் கடைசியில் தொடங்க வேண்டும், சிகாகோவில் கையுறையைக் கழற்றிப் பேனா பிடிக்க யாரும் விரும்பாத பருவத்தில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25,000ஐ 90ஆல் வகுத்தால் நாளைக்கு 278. ஆனால் 25,000 வாங்கிக்கொண்டு போனால் தோல்வி உறுதி. தெருவில் வாங்கும் கையெழுத்தில் மூன்றில் ஒன்று செல்லாமல் போவது சாதாரணம். பழைய முகவரி, வாக்காளராகவே பதியாதவர், ஏற்கெனவே போட்டதை மறந்து மறுபடி போட்டவர் என்று கழிந்துகொண்டே இருக்கும். எனவே இலக்கு 40,000ஆக இருக்க வேண்டும், அதாவது நாளைக்கு ஏறத்தாழ 445. ஒரு தொண்டர் நல்ல கூட்டமுள்ள இடத்தில் மணிக்கு 12 வாங்குவார் என்று வைத்தால், தினமும் 37 மணி நேர உழைப்பு, ஞாயிறு விடுமுறை இல்லாமல். தொண்டர் பற்றாமல் கூலிக்கு ஆள் வைத்து, ஒரு கையெழுத்துக்கு 3 டாலர் என்று கணக்கிட்டால்கூட 1,20,000 டாலர் போய்விடும். பிரசாரம் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான்.

தாளில் நடக்கும் தவறுகள்தான் ஆளைக் கொல்பவை. வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கட்சிப் பெயர், வேட்பாளர் பெயர், பதவி, முகவரி எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாதியில் ஒரு வேட்பாளரை மாற்றித் தலைப்பைத் திருத்தினால் அதுவரை வாங்கியது ஆபத்தில். புதுக் கட்சியின் பெயர் ஐந்து சொல்லுக்கு மேல் போகக் கூடாது. இருக்கிற கட்சியின் பெயரை அதில் சேர்க்கவும் கூடாது. கையெழுத்து வாங்கியவர் தாளின் அடியில் தன் உறுதிமொழியை நோட்டரி முன்னால் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்த முத்திரை விட்டுப்போனால் முழுத்தாளும் போச்சு. ஒரே தேர்தல் சுற்றில் ஒரு கட்சிக்குத் தாள் சுமந்தவர் இன்னொரு கட்சிக்கு அதைச் செய்யக் கூடாது. மார்ச் உட்கட்சித் தேர்தலுக்காக வேறொரு கட்சிக்கு அலைந்த கூலி ஆட்களை அப்படியே ஏப்ரலில் நீங்கள் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கூலிக்கு எடுக்கும் முன் எல்லோரிடமும் கேட்டு எழுதி வாங்க வேண்டிய முதல் விஷயம் இது.

தாள்களை ஓரத்தில் கோத்து, 1, 2, 3 என்று தொடர் எண் போட்டுக் கொடுக்க வேண்டும். உடன் வேட்பாளர் உறுதிமொழி, காலியிடம் நிரப்ப அதிகாரம் பெற்ற கட்சி நிர்வாகிகளின் சான்று, பொருளாதார நலன்கள் பற்றிய அறிக்கையை அதே ஆண்டில் மாநிலச் செயலர் அலுவலகத்தில் தாக்கல் செய்த ரசீது ஆகியவை. கடைசியாகச் சொன்ன அந்த ரசீது ஒரு சின்னத் துண்டுச்சீட்டுதான். 40,000 கையெழுத்து சேர்த்துவிட்டு இதை மறப்பது, கல்யாணம் வரை வந்து தாலியை வீட்டில் வைத்துவிட்டு வருவது போல.

மனு கொடுத்ததும் ஐந்து வேலைநாள் ஆட்சேபனைக் காலம். மாநிலத்தின் எந்த வாக்காளரும் ஆட்சேபனை போடலாம். ஆட்சேபனைக்காரர் பெயர் ஒரு சாதாரணக் குடிமகனுடையதாக இருக்கும், பின்னால் இருக்கும் வக்கீல் யாருடையவர் என்பதை ஊரே அறியும். எந்தப் பெரிய கட்சிக்கு உங்களால் ஓட்டுக் குறையும் என்ற பயமோ அந்தப் பக்கத்திலிருந்து வரும். லிபர்டேரியன் (அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் சிறு கட்சி) மனு என்றால் குடியரசுக் கட்சிப் பக்கம், பசுமைக் கட்சி மனு என்றால் ஜனநாயகக் கட்சிப் பக்கம் என்று எதிர்பார்க்கலாம்.

பிறகு பதிவேட்டுச் சரிபார்ப்பு. தேர்தல் வாரிய ஊழியர் கணினி முன் அமர்ந்திருப்பார். இரு பக்கமும் இரு தரப்பின் பார்வையாளர்கள். தாள் 214, வரி 9. திரையில் அந்த வாக்காளர் பதிவு செய்தபோது போட்ட கையெழுத்து, மேசையில் உங்கள் தாளின் நகல். 'ஜே' எழுத்தின் வால் அங்கே கீழே வளைகிறது, இங்கே நேராக நிற்கிறது. ஊழியர் சில விநாடி பார்த்து ஏற்கிறேன் அல்லது தள்ளுகிறேன் என்பார். உங்கள் பார்வையாளருக்கு உடன்பாடு இல்லையென்றால் அந்த வரிக்கு மறுப்புக் குறித்துவைக்கலாம். அடுத்து வரி 10. இப்படி ஆயிரக்கணக்கில், பல நாள். பார்வையாளருக்கு ஆள் இல்லாத கட்சி எதிர்த்துக் குறிக்க வாய்ப்பில்லாமலே வரி வரியாக இழக்கும். தள்ளப்பட்ட கையெழுத்தை மீட்கக் கையெழுத்திட்டவரையே தேடிப் பிடித்துப் பிரமாண வாக்குமூலம் வாங்க வேண்டும். அதற்கான அவகாசம் நாள் கணக்கில்தான் இருக்கும். ஆகவே கையெழுத்து வாங்கும்போதே வாக்காளர் பட்டியலை வைத்து வாரா வாரம் நீங்களே சரிபார்த்து, மோசமான வரிகளைக் கோடு போட்டு அடித்துவிடுவதுதான் புத்தி. ஒரு ஆள் கொண்டுவரும் தாள்களில் பாதிக்கு மேல் செல்லாதது என்றால் அவரை உடனே நிறுத்துங்கள். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்து மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போடும் பழக்கத்துக்குச் சிகாகோவில் 'வட்டமேசை' என்றே பெயர் உண்டு. அந்த மோசடி ஒருவரிடம் தெரிந்தால் அவர் தாள்கள் மொத்தமும் தள்ளுபடியாகும், நல்ல கையெழுத்துகளும் சேர்ந்தே.

2014இல் லிபர்டேரியன் கட்சி இந்தச் சல்லடையைத் தாண்டியது. அதே ஆண்டு பசுமைக் கட்சி தாண்டவில்லை, வாக்குச்சீட்டிலிருந்து நீக்கப்பட்டது.

ஏன் நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு இலினாயில் ஒரு விசித்திரமான பதில் இருந்தது: சட்டம் நிற்கச் சொன்னது. புதுக் கட்சி ஆளுநர் பதவிக்கு மட்டும் ஒருவரை நிறுத்த முடியாது. துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், மாநிலச் செயலர், கன்ட்ரோலர், பொருளாளர் என எல்லா இடத்துக்கும் ஆள் போட்டு முழுப்பட்டியல் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெரிய கட்சிகளுக்கு அந்த விதி கிடையாது. ஆக, பொருளாளர் வேட்பாளர் பல நேரம் பந்தியில் இலை நிரப்ப உட்கார வைக்கப்பட்டவர். கேன் கவுண்டி தணிக்கையாளர் பதவிக்கு 2012இல் நிற்க முயன்ற ஜூலி ஃபாக்ஸ் தொடர்பான வழக்கில், 2017இல் ஏழாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முழுப்பட்டியல் விதியை அடித்துப்போட்டது. இப்போது பொருளாளருக்கு மட்டும்கூட ஒரு கட்சி ஆள் நிறுத்தலாம். 25,000 மட்டும் அப்படியே நிற்கிறது.

பணம் பற்றிப் பொருளாளர் வேட்பாளர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பன்னிரண்டு மாதத்தில் 5,000 டாலருக்கு மேல் வரவோ செலவோ ஆனால் பத்து வேலைநாளுக்குள் குழுவாகப் பதிய வேண்டும். காலாண்டு அறிக்கை, 1,000 டாலர் அல்லது அதற்கு மேலான நன்கொடைக்கு ஐந்து வேலைநாளில் தனி அறிக்கை, தேர்தலுக்கு முந்தைய 30 நாளில் அதுவே இரண்டு வேலைநாள். இதெல்லாம் எல்லோருக்கும் பொது. பொருளாளருக்கு மட்டுமானது என்னவென்றால், அவர் கையில் முதலீடு இருக்கிறது, மாநில முதலீட்டு வாரியத்திலும் பதவிவழி இடம் இருக்கிறது. எனவே அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2010இல் கொண்டுவந்த விதி பாயும். முதலீட்டு ஆலோசனை நிறுவனத்தின் முக்கிய அலுவலர் ஒருவர், தான் ஓட்டுப் போடக்கூடிய வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 350 டாலருக்கு மேல், ஓட்டுப் போட முடியாதவருக்கு 150 டாலருக்கு மேல் கொடுத்தால், அந்த நிறுவனம் இரண்டாண்டு அந்த அரசிடம் கட்டணம் வாங்க முடியாது. நகராட்சிப் பத்திர வியாபாரிகளுக்கு இதே மாதிரி விதியில் வரம்பு 250 டாலர். ஜெயிக்கும் வாய்ப்பு இருக்கிறதா இல்லையா என்று விதி பார்ப்பதில்லை, வேட்பாளர் என்றாலே போதும். நிதித்துறையில் வேலை செய்யும் நண்பர் ஆசையாக 500 டாலர் அனுப்பி, தன் நிறுவனத்துக்கு வேட்டு வைத்துவிடுவார். நன்கொடைப் படிவத்தில் தொழில், நிறுவனம் இரண்டையும் கேட்டு, இந்த வரம்பை அங்கேயே எழுதிவிடுவது நல்லது.

என்ன பேசுவது? இந்த இடத்தில் மூன்றாம் கட்சிக்காரர்கள் நிறைய சறுக்குகிறார்கள். வருமான வரியை ஒழிப்பேன், ஓய்வூதியக் கடனைத் தீர்ப்பேன் என்று பேசினால் பத்திரிகையின் ஆசிரியர் குழு ஐந்து நிமிடத்தில் ஆளை எடைபோட்டுவிடும். அதெல்லாம் பொருளாளர் வேலையில் இல்லை. பேசத்தக்கவை வேறு. கல்விச் சேமிப்புத் திட்டத்தில் நிர்வாகக் கட்டணம் எவ்வளவு, மாநிலப் பணம் எந்த வங்கிகளில் எந்த வட்டிக்கு வைக்கப்படுகிறது, உரிமை கோராத பணத்தை உரியவருக்குச் சேர்ப்பதில் என்ன தாமதம், உள்ளாட்சிகள் பணத்தைச் சேர்த்துப் போடும் பொது முதலீட்டு நிதி என்ன ஈட்டுகிறது, இரண்டு அலுவலகத்தை ஒன்றாக்கலாமா. 2014இல் கலிபோர்னியாவில் பசுமைக் கட்சிக்காரராக நின்ற எல்லன் பிரவுன் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்: வடக்கு டகோட்டாவில் 1919 முதல் இருப்பது போல மாநிலத்துக்கே சொந்தமான வங்கி. முதல் சுற்றில் 6 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். முதல் இருவர் மட்டுமே நவம்பருக்குப் போகும் அந்த மாநிலத்தில் அவர் பயணம் ஜூனோடு முடிந்தது. ஆனாலும் அந்தப் பதவிக்குப் பொருத்தமான ஒரு கோரிக்கை என்ன தூரம் போகும் என்பதற்கு அது நல்ல உதாரணம். (வேடிக்கை என்னவென்றால், வடக்கு டகோட்டாவிலேயே அந்த வங்கியை நடத்தும் ஆணையத்தில் பொருளாளர் கிடையாது. ஆளுநர், அட்டர்னி ஜெனரல், வேளாண் ஆணையர் மூவர்தான்.)

இப்போது 2014 நவம்பர். ஜனநாயகக் கட்சியின் மைக் ஃப்ரெரிக்ஸ், குடியரசுக் கட்சியின் டாம் கிராஸ், லிபர்டேரியன் மேத்யூ ஸ்கோபெக். சுமார் 35 லட்சம் ஓட்டு. தபால் ஓட்டுகளை எண்ணி முடித்து யார் வென்றார் என்று தெரியவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. ஃப்ரெரிக்ஸ் 9,000 சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். ஸ்கோபெக் வாங்கியது 4 சதவீதத்துக்குச் சற்று மேல், 1.4 லட்சத்துக்கும் அதிகம். வித்தியாசத்தைப் போல 15 மடங்கு.

அப்படியானால் ஸ்கோபெக்தான் கிராஸைக் கவிழ்த்தாரா? எண்ணைப் பார்த்ததும் ஆமாம் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த 1.4 லட்சம் பேரும் வேறு வழியின்றி இருவரில் ஒருவருக்குப் போட்டிருந்தால், 54–46 என்ற அளவில் கிராஸ் பக்கம் சாய்ந்தாலே அந்த 9,000 ஈடாகியிருக்கும் என்று கொள்ளலாம். பாதிப் பேர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் 57–43 அளவுக்குச் சாய்வு வேண்டும். நடக்கக்கூடிய சாய்வுதான், ஆனால் உறுதி இல்லை. பொருளாளர் போட்டியில் மூன்றாம் கட்சிக்கு விழுவதில் நல்ல பங்கு, இருவர் பெயரும் தெரியாமலோ இருவரையும் பிடிக்காமலோ போடுவது. அதற்கு அதே வாக்குச்சீட்டில் சாட்சி இருக்கிறது. லிபர்டேரியன் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் சாட் கிரிமுக்கு விழுந்தது 3.4 சதவீதம்தான். மேலே பெரிய கட்சிக்குக் குத்தியவர்கள் கீழே வந்ததும் கை தளர்த்துகிறார்கள். கவிழ்த்தார் என்று அடித்துச் சொல்வது என் கணக்கில் அவசரம். கவிழ்த்திருக்க முடியும் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொடுமை என்னவென்றால், அந்த 4 சதவீதத்தால் அவர் கட்சிக்குச் சட்டப்படி ஒரு பலனும் இல்லை. இலினாயில் மாநில அளவில் 'நிலைபெற்ற கட்சி' ஆக ஆளுநர் வேட்பாளர் 5 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டும். 2006இல் பசுமைக் கட்சியின் ரிச் விட்னி 10 சதவீதம் வாங்கியதால் அடுத்த நான்கு ஆண்டு அந்தக் கட்சி 25,000 கையெழுத்துத் தொல்லை இல்லாமல் இருந்தது. 2010இல் அவரே மறுபடி நின்று 3 சதவீதத்தைத் தொடவில்லை. மறுபடி முதலிலிருந்து.

வேறு மாநிலங்களில் பொருளாளர் ஓட்டுக்கு மதிப்பு உண்டு. கனெக்டிகட்டில் கணக்கு பதவிவாரியாக ஓடுகிறது: ஒரு பதவிக்கு 1 சதவீதம் வாங்கினால் அடுத்த முறை அந்தப் பதவிக்கு மட்டும் கட்சியின் இடம் உறுதி. பொருளாளருக்கு வாங்கியது பொருளாளருக்கே. மற்றப் பதவிகளுக்கு 7,500 கையெழுத்து வரை தேட வேண்டும். விஸ்கான்சினில் மாநில அளவிலான ஏதாவது ஒரு பதவியில் 1 சதவீதம் வந்தால் போதும், கட்சி முழுவதும் காப்பாற்றப்படும். கான்சாஸிலும் அப்படியே. இந்த மாதிரி மாநிலங்களில் கட்சி தன் மிகத் திறமையான ஆளை ஆளுநருக்கு நிறுத்திவிட்டு, போட்டி சூடு குறைந்த பொருளாளர் இடத்தில்தான் சதவீதத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

பென்சில்வேனியாவில் கையெழுத்து குறைவு, பொருளாளருக்கு 2,500 போதும். ஆனால் அது சும்மா வந்ததில்லை. 2004இல் சுயேச்சையாக ஜனாதிபதி பதவிக்கு நின்ற ரால்ஃப் நேடரின் மனு அங்கே தள்ளுபடியானபோது ஆட்சேபனைச் செலவாக 81,000 டாலருக்கு மேல் அவர் தரப்பின் தலையில் கட்டப்பட்டது. 2006இல் பசுமைக் கட்சியின் செனட் வேட்பாளர் கார்ல் ரோமனெல்லிக்கு 80,000 டாலருக்கு மேல். மனுக் கொடுத்ததற்கே கடனாளியாகும் நிலை. சிறு கட்சிகள் சேர்ந்து கூட்டாட்சி நீதிமன்றம் போய் வருடக்கணக்கில் போராடித்தான் அது தளர்ந்தது. தங்கள் மாநிலத்தில் ஆட்சேபனைச் செலவு யார் தலையில் விழும் என்பதை முதல் கையெழுத்துக்கு முன்பே வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலினாயில் மனு தள்ளுபடியானால் ஒரு வழி மிச்சம் உண்டு: தேர்தலுக்கு 61 நாள் முன்பு அறிவிப்புத் தாக்கல் செய்து, வாக்காளர் கையால் பெயர் எழுதும் வேட்பாளராக நிற்பது. பொருளாளர் பதவிக்கு மாநிலம் முழுக்க யாரும் ஒருவர் பெயரை ஞாபகம் வைத்துச் சரியாக எழுதப் போவதில்லை. கட்சிக்காரர்கள் கௌரவத்துக்காகச் செய்வார்கள், அவ்வளவுதான்.

யாராவது ஜெயித்திருக்கிறார்களா என்றால், ஜெயித்திருக்கிறார்கள். விஸ்கான்சினில் சாலமன் லெவிடன். குடியரசுக் கட்சியில் இருந்து 1923 முதல் பத்தாண்டு பொருளாளராக இருந்தவர். 1936இல் முற்போக்குக் கட்சி சார்பில் நின்று மீண்டும் ஜெயித்தார். அந்த ஆண்டு அதே கட்சியின் ஃபிலிப் லா ஃபாலெட் ஆளுநர் பதவியையும் பிடித்தார். ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த பெயர், பட்டியலின் உச்சியில் ஜெயிக்கிற ஆள், இரண்டும் சேர்ந்து கிடைத்தது. 1938இல் அந்த உச்சி சரிந்தது, பொருளாளர் பதவியும் கூடவே போனது. இன்று அந்த மாநிலத்தில் பொருளாளருக்கு வேலையே பெரிதாக இல்லை. 2018இல் பதவியை ஒழிக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள், வேண்டாம், இருக்கட்டும் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். அங்கே வாக்குச்சீட்டில் ஏற இப்போது 2,000 கையெழுத்து போதும்.